ஹிஞ்சுக்குக் கீல் வேண்டாம், பிடிமரம் போதும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மரம் சாய்க்கும்போது விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் முன்னால் போடுகிற வாய்வெட்டுக்கும் பின்னால் போடுகிற பின்வெட்டுக்கும் நடுவில் அறுக்காமல் விடுகிறோமே, ஆங்கிலத்தில் ஹிஞ்ச் (hinge) என்கிற அந்த மரப்பாகத்துக்கு நம் மரம் வெட்டும் தொழில் அகராதியில் கீல் என்றே வைத்துவிடலாம், புழக்கத்தில் உள்ள சொல்தானே என்று எழுதியிருந்தீர்கள். வாய்வெட்டு, பின்வெட்டு இரண்டிலும் எனக்கு மறுபேச்சு இல்லை. கீலில்தான் இடிக்கிறது.

கதவுக் கீல் ஆயுசுக்கும் திரும்புகிற சாமான். முன்னும் போகும், பின்னும் வரும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மரத்தில் நாம் விடுகிறது அப்படியா? ஒரே ஒரு தடவை, ஒரே திசையில் மடங்கும், வாய் மூடினதும் முறிந்துவிடும். அதுவும் எப்போது முறிகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாயை 45 பாகையில் சின்னதாகத் திறந்தால் மரம் பாதி சாயும்போதே வாய் மூடிக்கொள்ளும், பிடிப்பு அங்கேயே போய்விடும், மிச்சத் தூரம் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். 70 பாகைக்கு மேல் திறந்து வைத்தால் தரையைத் தொடுகிற வரைக்கும் ஏறக்குறையப் பிடித்துக்கொண்டே வரும். ஆக அதன் வேலை திருப்புவது மட்டும் இல்லை, பிடித்துக்கொண்டு இறக்குவது. கீல் என்கிற சொல்லில் இந்தப் 'பிடி' இல்லை. போதாததற்குக் கடற்கரைப் பக்கம் படகுக்குப் பூசுகிற தாரும் கீல்தான், மூட்டுவலிக்காரருக்குக் கீல்வாதம். ஒரு சொல்லின் மேல் எத்தனை சுமைதான் ஏற்றுவது.

'விடுகட்டை' என்று தம்பி ஒருவர் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருந்தது, அறுக்காமல் விட்ட கட்டை. ஆனால் சங்கிலி வாள் சத்தத்தில் தூரத்திலிருந்து கத்துகிறபோது பாதிச் சொல்தான் காதில் விழும், 'விடு' என்பது மட்டும் விழுந்தால் கயிற்றைப் பிடித்திருக்கிறவன் என்ன செய்வான்? கயிற்றை விட்டுவிடுவான். இந்தத் தொழிலில் சொல்லை உரத்துக் கத்திப் பார்த்துவிட்டுத்தான் அகராதியில் போட வேண்டும். 'பிடிப்பட்டை' என்றால் பட்டை மரப்பட்டையோடு குழம்பும்.

பிடிமரம் என்று வைத்தால் பாதி காதில் விழுந்தாலும் 'பிடி'தான் விழும், கெடுதல் இல்லை. எங்கள் பக்கம் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிக்காரர்கள் வேலையில் சர்வசாதாரணமாகப் பேசுவதும் பிடி என்றுதான். 'ஏலே, வடக்கால பிடி கம்மியா நிக்கி, ஆப்பு அடிக்காத' என்றால் அதற்கு மேல் விளக்கம் எதற்கு. நாம் அதோடு மரத்தைச் சேர்த்து எழுத்துக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் கணக்கு. விளக்கத்தில் அளவு வர வேண்டும், இல்லையென்றால் அது வெறும் சொற்பொருள். பொது விதி: பிடிமரத்தின் தடிமன் அடிமர விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, நீளம் எண்பது சதவீதம். 60 செ.மீ. வேம்பு என்றால் 6 செ.மீ. தடிமன், 48 செ.மீ. நீளம். வாய்வெட்டை விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 செ.மீ. ஆழம் போட்டால் அந்த 48 தானாகவே அமைந்துவிடும். வட்டத்தின் கணக்கு அப்படி.

இங்கே வாள் பராமரிப்பையும் இழுக்க வேண்டியிருக்கிறது. பிடிமரம் கோணலாகப் போவதற்குப் பெரும்பாலும் கை காரணமில்லை, சங்கிலி. இடப்பக்கப் பற்களை நன்றாக அரம் போட்டுவிட்டு வலப்பக்கத்தில் கை வாகு இல்லாமல் ரெண்டு இழுப்பு குறைத்து விடுகிறோம். பல் நீளம் ரெண்டு பக்கமும் ஒத்து வராது, வெட்டு ஒரு பக்கமாக வளையும். பின்வெட்டு வளைந்தால் பிடிமரம் ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் நிற்கும், மரம் கனமான பக்கமாக இழுபடும். ரோட்டோரப் புளியில் இப்படி ஆனால் மின்கம்பியில் போய் உட்காரும். அரம் போடும்போது 30 பாகை கோடு தெரிகிற தாங்கியை வைத்துக்கொண்டு, எல்லாப் பல்லையும் ஆகக் குட்டையான பல்லுக்குச் சமமாக இறக்குவதுதான் வழி. வாளிலிருந்து சீவலாக வந்தால் பல் சரி, மாவாகக் கொட்டினால் நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டியதுதான். மாவு கொட்டுகிற வாளை அமுக்கி ஓட்டுகிறவன் கடைசியில் பிடிமரத்தையும் சேர்த்து அறுத்துவிடுவான், ஏனென்றால் அமுக்குகிற கைக்கு நிறுத்த வேண்டிய இடம் தெரியாது.

ஒரு தொடர் வழக்கையும் சேர்க்கலாம்: 'பிடி அறுந்தது' என்றால் கவனக்குறைவாக முழுக்க அறுத்தது, 'பிடி முறிந்தது' என்றால் வாய் மூடித் தானே முறிந்தது. முதலாவது ஆபத்து, இரண்டாவது நாம் எதிர்பார்த்தது. வேலையாட்கள் நடுவில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது, எழுத்தில்தான் இல்லை.

இன்னொன்று, தைலமரம் மாதிரி நேர்நாராக ஓடுகிற மரம் சாய்ந்த பக்கமே விழப்போகும்போது, பின்வெட்டு முடிவதற்குள் நட்டுக்குத்தாகப் பிளந்து, பிளந்த தண்டின் அடி பின்னால் எகிறுகிறது. இது பிடிமரம் முறிவது இல்லை, தண்டே பிளப்பது. அதற்குத் தனிச்சொல் வேண்டும், 'குத்துப்பிளப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவு பிடித்தமில்லை. அதைத் தடுக்க வாளின் நுனியைத் தண்டுக்குள் குத்தி, முதலில் பிடிமரத்தை அளந்து நிறுத்திவிட்டு, பின்பக்கம் ஒரு துண்டை அறுக்காமல் வைத்துக் கடைசியில் விடுவிப்பார்கள். குத்தும்போது நுனியின் மேல்கால்பாகம் மரத்தில் பட்டால் வாள் மூஞ்சிக்கு எத்தும், கீழ்ப்பாகத்தை வைத்துத்தான் தொடங்க வேண்டும். வாள் இப்படித் திருப்பி அடிக்கிற கிக்பேக்குக்கு 'எத்து' என்பதை யாரும் மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன், 'பின்னுதைப்பு' எழுதுகிறவருக்கு நல்லது, கத்துகிறவருக்கு இல்லை.

பனையை இதில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் எனக்கு இன்னும் தலைவலி. ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது, ஆனாலும் காய்ந்து நிற்கிற மொட்டைப்பனை வீட்டுக்கு மேல் சாய்கிறபோது அனுமதி வாங்கி இறக்கத்தான் வேண்டும். பனைக்கு வெளிவட்டத்தில்தான் கெட்டியான வைரம், உள்ளே மெத்தென்ற சோறு. பத்தில் ஒரு பங்கு என்று விட்டால் நடுவில் சோறு சும்மா நிற்கும், ரெண்டு ஓரத்து வைரம் மட்டும்தான் தாங்கும். வேம்பு மாதிரி மடங்கவும் மடங்காது, நார் நாராகக் கழன்று வரும். அதனால் வடம் கட்டாமல் பிடிமரத்தை நம்பிப் பனையைச் சாய்க்கிறது சரியில்லை. தென்னையை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குகிறதும் இதனால்தான், வீட்டுக்குப் பக்கத்தில் இடமில்லை என்பதற்காக மட்டும் இல்லை.

ஆகவே அண்ணாச்சி, பிடிமரம் என்று பதியும்போது விளக்கத்தின் கடைசி வரியாக 'இந்த அளவு பனைக்கும் தென்னைக்கும் பொருந்தாது' என்று சேர்த்துவிடுங்கள். உள்ளே பொந்து விழுந்த பழைய புளிக்கும் தனியாக ஒரு வரி வேண்டும், அதற்கான வாசகத்தை ஆலங்குளம் பக்கம் புளி சாய்க்கிற ஆட்களிடம் கேட்டு அனுப்புகிறேன்.