விஜயகாந்த் எப்படி அவ்வளவு உயரம் போனார், கடைசிப் படங்கள் ஏன் விழுந்தன?

துணுக்காய்ப் பெடியன்:

வணக்கம். பழைய படங்கள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். நான் ஃபோன் பாவிக்கத் தொடங்கின காலத்தில் விஜயகாந்த் என்றால் மீம்தான். நரசிம்மா படத்தின் கரண்ட் காட்சியைத்தான் எல்லோரும் அனுப்புவார்கள். ஆனால் 2023 டிசெம்பர் 28 அவர் இறந்த செய்தி வந்தபோது அப்பா அன்று வயலுக்கே போகவில்லை. பெரியப்பாவும் அப்படித்தான். கேப்டன் பிரபாகரன் 2025 இல் மறுபடி தியேட்டருக்கு வந்ததிலிருந்து இருவரும் சந்தித்தால் அவர் கதைதான்.

ஒரு சண்டைப்பட நடிகர் எங்கள் சனத்துக்கு வீட்டு ஆள் மாதிரி ஆனது எப்படி? அப்படி இருந்தவரின் கடைசிப் படங்கள் ஏன் ஓடவில்லை? அப்பாவைக் கேட்டால் “அது ஒரு காலம்” என்று எழும்பிப் போய்விடுகிறார்.

மல்லாவி டெக்காரன்:

தம்பி, இதற்கு நான் பதில் சொல்லத்தான் வேணும். தொண்ணூறுகளில் ரீவி, வீடியோ கசெற் ஓடுகிற டெக், ஜெனறேற்றர் வாடகைக்குக் கொண்டுபோய்ப் படம் போட்டவன் நான். 96 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்த பிறகும் அதுதான் தொழில். அரசாங்கம் வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலம். எஞ்சினைத் தொடக்கக் கொஞ்சம் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். விளக்குக்கு வைத்திருக்கிற மண்ணெண்ணெயைப் படத்துக்கு எரிப்பதென்றால் வீட்டுக்காரர் நன்றாக யோசித்துத்தான் என்ன படம் என்று சொல்வார். சாமத்தியவீடோ கலியாணவீடோ, விஜயகாந்த் படக் கசெற், நாங்கள் கொப்பி என்போம், அதைக் கேளாத வீடு குறைவு.

ஒரு கொப்பி ஓடி ஓடித் தேயும்போது எந்த இடத்தில் கோடு விழுகிறது என்று பார்த்தால், சனம் எதைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னது என்று தெரிந்துவிடும். செந்தூரப்பூவே கொப்பியில் ரயில் சண்டை வந்தால் படம் இழுக்கும். ஸ்பிரிற் தொட்ட தாளால் டெக்கின் ஹெட்டைத் துடைத்துப் போட்டாலும் அந்த இடம் தெளியாது. அதே மாதிரி வைதேகி காத்திருந்தாள் கொப்பியில் “ராசாத்தி உன்ன” பாட்டு வருகிற இடமும் போய்விட்டது. ஒரு அடி உதை இல்லாத இடம் அது. ஜெயச்சந்திரன் குரலும் இளையராஜா இசையும் ஒரு பக்கம் இருக்கட்டும், வெள்ளைச்சாமியாக அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கத்தான் கேட்டார்கள். அதனால் அவரைச் சண்டைப்பட நடிகர் என்று மட்டும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, ஏற்ற இறக்கத்துக்கு வருகிறேன். மதுரைப் பக்கத்து ஆள், இயற்பெயர் விஜயராஜ். 1979 இல் இனிக்கும் இளமை படத்தில் அறிமுகம். அது பேர் தரவில்லை. அடுத்த வருடம் தூரத்து இடிமுழக்கம், நல்ல படம். 1981 இல் எஸ்.ஏ.சந்திரசேகரனின் சட்டம் ஒரு இருட்டறை ஓடியது. இனி நிற்பார் என்று பார்த்தால் வரிசையாகத் தோல்வி. மறுபடி அதே சந்திரசேகரனின் சாட்சிதான் 1983 இல் தூக்கிவிட்டது. 1984 இல் மட்டும் 18 படம். அவ்வளவு படம் நடித்தால் எல்லாம் எப்படி நல்லாக இருக்கும்? ஆனால் வைதேகி காத்திருந்தாளும் அந்த வருடம்தான்.

எனக்கு அவரில் பெரிய மதிப்பு வந்தது 1986 இல் வந்த ஊமை விழிகளால். திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பெடியங்கள் ஆபாவாணனும் அரவிந்தராஜும் எடுத்தது. முன்னணிக் கதாநாயகன் ஒருவர் காதல் பாட்டு இல்லாமல், நடுத்தர வயதுப் பொலிஸ் அதிகாரி தீனதயாளனாக நிற்கச் சம்மதித்தார். அந்தக் காலத்தில் வேறு யார் சம்மதித்திருப்பார்கள்? 1990 இல் புலன் விசாரணை, அது ஆர்.கே.செல்வமணிக்கு முதல் படம். அடுத்த வருடம் அதே செல்வமணியோடு தன் நூறாவது படமான கேப்டன் பிரபாகரனைச் செய்தார். கனபேருக்கு நூறாவது படம் சறுக்கியது. இவருக்கு அது கேப்டன் என்ற பட்டத்தையே தந்தது. மூத்த மகனுக்கும் பிரபாகரன் என்று பேர் வைத்தவர். எங்கள் சனம் அதை மறக்குமா?

இன்னொருவரையும் சொல்ல வேணும். இப்ராகிம் ராவுத்தர். மதுரைக் காலத்துக் கூட்டாளி. கதை கேட்பது, படம் தயாரிப்பது எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. பிறகு இருவரும் பிரிந்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் படங்கள் ஒரே மாதிரி வரத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அந்த நாளில் புதுக் கொப்பி ஒன்று எப்படியோ வன்னிக்குள் வந்து சேர்ந்தால், சனம் பாதியில் “பழைய சத்ரியனைப் போடு அண்ணை” என்று சொல்லும். எனக்கு மனவருத்தமாக இருக்கும்.

2000 இல் வானத்தைப்போல, வல்லரசு இரண்டும் ஓடி மறுபடி எழும்பினார். 2002 இல் ரமணா. அப்ப போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை, வன்னிக்கு வருகிற பெரிய றோட்டு, திறந்துவிட்டது. சீடி தாராளமாக வந்தது, டெக் தொழில் படுத்துவிட்டது. ரமணாவை நான் காசு வாங்காமல் சனத்தோடு இருந்து பார்த்தேன். ஏ.ஆர்.முருகதாஸுக்கு அது இரண்டாவது படம். அங்கேயும் பாருங்கள், புது ஆளை நம்பியிருக்கிறார். சத்தம் போடாத பேராசிரியர் வேடம். என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய கடைசி உச்சம்.

ஒட்டுசுட்டான் அக்கா:

டெக்காரன் அண்ணை, புது இயக்குநர்களை நம்பினார் என்பது சரி. ஆனால் பெண்களை விட்டுவிட்டீர்கள். எங்கள் அம்மா சண்டை வந்தால் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவா. சின்னக் கவுண்டர் என்றால் அசையமாட்டா. மனோரமா தாயாக வருகிற காட்சிகளில் வாய்விட்டு அழுவா. அம்மன் கோயில் கிழக்காலேயும் அப்படித்தான். சண்டைப் படங்கள் விழுந்த ஒவ்வொரு முறையும் அவரைத் தாங்கியது இந்தக் குடும்பப் படங்கள்தான். வானத்தைப்போல படத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவரே. அதில் எத்தனை சண்டையை நினைவு வைத்திருக்கிறீர்கள்? தேசிய விருது கிடைத்தது அந்தப் படத்துக்குத்தானே.

தம்பி கேட்ட கடைசிப் படங்கள் பற்றி என் கருத்து. ரமணாவில் அவர் மெதுவாகக் கதைத்தார், நாங்கள் காதைக் கொடுத்துக் கேட்டோம். அதற்குப் பிறகு வந்தவற்றில் கமராவைப் பார்த்துப் பேச்சுப் பேச்சாகவே இருந்தது. 2005 செப்டெம்பரில் கட்சி தொடங்கினார். பேரரசு, தர்மபுரி, அரசாங்கம் என்று பேரைப் பார்த்தாலே விளங்கும். கதை தேடி வந்தவர்களுக்குக் கூட்டம் நடத்தினால் எப்படி? விருதகிரியை 2010 இல் தானே இயக்கினார். முன்பென்றால் நல்லதொரு புதுப் பெடியனிடம் கொடுத்திருப்பார். அது எனக்கு இன்றைக்கும் கவலைதான்.

வவுனிக்குளம் ரசிகன்:

அரசியலால்தான் படம் கெட்டது என்று முழுப் பழியையும் போடாதீர்கள் அக்கா. வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. சுவரில் காலை ஊன்றிச் சுழன்று அடிக்கிற உடம்பு எவ்வளவு காலம் தாங்கும்? அரசியலிலும் அதே ஏற்ற இறக்கம்தான். 2006 இல் விருத்தாசலத்தில் தனியாக வென்றார், 2011 இல் 29 இடம் பிடித்து எதிர்க்கட்சித் தலைவர், 2016 இல் உளுந்தூர்ப்பேட்டையில் தானே தோற்றார். பிறகு உடம்புக்கு வருத்தம். மேடையில் பேச்சுத் தடுமாறியதை வைத்துச் சிரித்தவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

நடிகர் சங்கத் தலைவராக இருந்து கலைநிகழ்ச்சி நடத்திச் சங்கக் கடனை அடைத்ததையும், படப்பிடிப்பில் தனக்கு என்ன சாப்பாடோ அதுதான் லைற் தூக்குகிறவருக்கும் என்று நின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் அப்பா வயலுக்குப் போகாமல் இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கும்.

துணுக்காய்ப் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணை, அக்கா, அப்பாவோடு இருந்து பார்க்க முதலில் எதைப் போடட்டும்?

மல்லாவி டெக்காரன்:

ஊமை விழிகள், இரவில் போடு. அடுத்தது ரமணா. சின்னக் கவுண்டருக்கு அம்மாவையும் கூப்பிடு, இல்லாவிட்டால் ஒட்டுசுட்டான் அக்கா என்னோடு சண்டைக்கு வருவா. கேப்டன் பிரபாகரனை ஃபோனில் பார்க்காதே, பெரிய திரை கிடைக்கும்வரை பொறு. தூரத்து இடிமுழக்கம் தெளிவான பிரதி யாரிடமாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.