இரண்டாம் சுற்று அலாட்மென்ட் வந்துருச்சு: சேர்ந்துடலாமா, அப்வர்ட் போட்டுக் காத்திருக்கலாமா?

கரூர் அப்பா:
வணக்கங்க. பெரிய பாப்பாவுக்குப் பொறியியல் கவுன்சிலிங், இரண்டாம் சுற்று. நேத்து ராத்திரி டென்டேட்டிவ் அலாட்மென்ட் வந்துச்சு. சேலம் அரசு பொறியியல் கல்லூரி, இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்). நாளைக்குச் சாயங்காலம் 5 மணிக்குள்ள ஏதாவது ஒண்ணை அழுத்தியாகணும். அக்செப்ட் அண்ட் ஜாயின் போட்டா இதோட முடிஞ்சுது. அக்செப்ட் அண்ட் அப்வர்ட் போட்டா, லிஸ்ட்ல இதுக்கு மேல இருக்குறது கிடைக்குமான்னு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல காத்திருக்கணும்.

சாய்ஸ் லிஸ்ட்ல சேலத்துக்கு மேல 11 இருக்கு. அதுல 4 பாப்பா கேட்டது. மிச்ச 7 நான் பிரவுசிங் சென்டர் தம்பி சொல்லச் சொல்லச் சேர்த்தது. எல்லாமே தனியார் கல்லூரி, எல்லாமே கம்ப்யூட்டர் சயின்ஸ்.

இன்னொரு பக்கம் ஒரு டீம்டு யுனிவர்சிட்டியில (நிகர்நிலைப் பல்கலை) மே மாசமே 25,000 அட்வான்ஸ் கட்டி வச்சிருக்கேன். அதுவும் கம்ப்யூட்டர்தான். வருஷம் 2 லட்சத்து 80 ஆயிரம், ஹாஸ்டல் தனி. வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் தவணை கட்டலைன்னா சீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்னு தினம் போன் வருது.

நான் ஒரு துணிக் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். எங்க குடும்பத்துல காலேஜ் வாசப்படி மிதிக்கப்போற முதல் ஆள் பாப்பாதான். அது இ.இ.இ. போதும்ங்குது. மச்சான்ல இருந்து சொந்தத்துல எல்லாரும் கம்ப்யூட்டரை விட்றாதேங்குறாங்க. பரீட்சை முடிஞ்ச நாள்ல இருந்து வீட்டுல யாரும் சரியாத் தூங்கலைங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சென்னை கோடர்:
அண்ணா, கம்ப்யூட்டரை விடாதீங்க. நான் 2014ல மெக்கானிக்கல் முடிச்சவன். நல்ல கல்லூரிதான், நல்ல மார்க்குதான். ஒன்றரை வருஷம் அம்பத்தூர்ல 9,000 ரூபா சம்பளத்துக்கு சி.என்.சி. மெஷின் முன்னாடி நின்னேன். அப்புறம் வேளச்சேரியில நாலு பேர் இருக்குற ரூம்ல தங்கி, ராத்திரியில ஜாவா படிச்சு, இருபது இன்டர்வியூ போய்த்தான் இந்தப் பக்கம் வந்தேன். கூடப் படிச்ச கம்ப்யூட்டர் பசங்க அந்த இடத்துக்கு ரெண்டரை வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. அந்த ரெண்டரை வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்கல.

காலேஜ் பேரு முதல் வேலை வரைக்கும்தான் பேசும். பிரான்ச் வாழ்க்கை பூரா கூட வரும். சில கம்பெனிங்க கேம்பஸுக்கு வரும்போதே சி.எஸ்., ஐ.டி. மட்டும்னு வடிகட்டிருவாங்க. அந்த லிஸ்டைத் தயார் பண்ணுற இடத்துல உட்கார்ந்து பார்த்தவன் சொல்றேன். அப்வர்ட் போடுங்க. வரலைன்னா டீம்டு இருக்கவே இருக்கு.

230 கேவி:
தம்பி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா உங்க ரெண்டரை வருஷத்துக்கு இந்தப் பொண்ணு ஏன் பதினஞ்சு லட்சம் கட்டணும்? ஹாஸ்டலும் சேர்த்துக் கணக்குப் போடுங்க, நாலு வருஷத்துக்கு அவ்வளவு ஆகும். செக்கிங் சூப்பர்வைசர் சம்பளம் என்னன்னு நமக்கெல்லாம் தெரியும்.

நான் இ.இ.இ. படிச்சவன். சப்ஸ்டேஷன் வேலை, இருபது வருஷம் ஆச்சு. சேலம் அரசு கல்லூரி 1966ல ஆரம்பிச்சது. அங்க படிச்சவங்க மின்வாரியத்துல எங்க போனாலும் ஒருத்தராவது இருப்பாங்க. இப்ப எலக்ட்ரிக்கல் படிச்சவங்களுக்கு எங்கெல்லாம் வேலை இருக்குன்னு பாருங்க: போச்சம்பள்ளியில மின்ஸ்கூட்டர் ஆலை, கங்கைகொண்டான்ல டாடாவோட சோலார் செல் ஆலை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபர்ஸ்ட் சோலார், தூத்துக்குடியில வின்ஃபாஸ்ட் கார். காத்தாலை முப்பந்தல்ல எப்பவோ வந்துருச்சு. இதுக்கெல்லாம் மோட்டாரும் இன்வெர்ட்டரும் தெரிஞ்ச ஆள் வேணும்.

சாஃப்ட்வேர் நிரந்தரம்னு யாரும் நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில டி.சி.எஸ். 12,000 பேருக்கு மேல குறைக்கப்போறதா அறிவிச்சது. அதுல கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்லையா?

சென்னை கோடர்:
சார், 12,000 பேர்னா அந்தக் கம்பெனியில நூத்துக்கு ரெண்டு பேர். மிச்சத் தொண்ணூத்தெட்டு பேர் வேலையிலதான் இருக்காங்க. மின்வாரியம் கடைசியா எப்ப நிறைய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) எடுத்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க. பரீட்சை எழுதிட்டு மூணு வருஷமா ரிசல்ட்டையும் கோர்ட்டையும் பார்த்துட்டு இருக்குற நண்பர்கள் எனக்கு இருக்காங்க. ஒரு காத்திருப்பு முடிஞ்சு இன்னொரு காத்திருப்புல பிள்ளையைத் தள்ளாதீங்க.

பதினெட்டு வருட வாத்தியார்:
ரெண்டு பேர் சண்டையிலயும் நியாயம் இருக்கு. ஆனா கரூர் சார் நாளைக்கு அழுத்தப்போற பட்டனைப் பத்தி யாரும் சொல்லல. அதை முதல்ல சொல்லிடறேன்.

சார், அப்வர்ட் போட்டா என்ன நடக்கும்? ஜாயின் போட்டவங்க சொன்ன தேதிக்குள்ள கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேரணும். சேராதவங்க இடமெல்லாம் காலியாகும். அந்த இடத்துக்கு, அப்வர்ட் போட்டவங்களை ரேங்க் வரிசையில ஏத்துவாங்க. உங்க லிஸ்ட்ல சேலத்துக்கு மேல இருக்குற 11ல எது முதல்ல கிடைக்குதோ அதுக்கு பாப்பா போயிரும். போனதும் சேலம் சீட்டு கையை விட்டுப் போச்சு. “இல்லைங்க, பழைய சீட்டே போதும்”னு திரும்பக் கேட்க முடியாது. பாப்பா கேட்ட நாலுல ஒண்ணு கிடைச்சா சந்தோஷம். ஆனா பிரவுசிங் சென்டர் தம்பி சேர்த்த ஏழுல ஒண்ணு கிடைச்சா? அந்த ஏழு கல்லூரியில ஒண்ணையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா? லிஸ்ட் பூட்டினதுக்கு அப்புறம் வரிசையையும் மாத்த முடியாது.

இப்ப கம்ப்யூட்டர் பிரான்ச் பத்தி. 2024-25ல இருந்து ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) ஒரு பிரான்ச்சுக்கு இத்தனை சீட்டுதான்ங்கிற உச்சவரம்பை எடுத்துட்டாங்க. சரியா நடக்குற கல்லூரின்னு காட்டினா, வசதி இருக்குற அளவுக்கு ஏத்திக்கலாம். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கல்லூரியில, பேர் வேண்டாம், கம்ப்யூட்டர் செக்‌ஷன் மளமளன்னு கூடுச்சு. லேப் கூடல. நேத்து வரைக்கும் சிவில் எடுத்த நண்பர் இன்னைக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் எடுக்குறார். ராத்திரி வீட்டுல அவர் படிச்சு, காலையில பிள்ளைங்களுக்கு நடத்துறார். அவர் மேல தப்பு இல்ல. ஆனா அந்தக் கிளாஸ்ல உட்கார்ற பிள்ளைக்கு வர்றது கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி மட்டும்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்ல.

நல்ல கல்லூரியில கம்ப்யூட்டர் கிடைச்சா எடுங்கன்னு நானே சொல்வேன். எங்க கிடைச்சாலும்னு சொல்றதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

சென்னை கோடர்:
வாத்தியார் சொன்ன அப்வர்ட் விஷயம் எனக்குத் தெரியாது. எங்க காலத்துல கவுன்சிலிங்குக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கே நேர்ல போய், பெரிய ஸ்கிரீன்ல காலி இடத்தைப் பார்த்து, உட்கார்ந்த இடத்துலயே முடிவு பண்ணினோம். அப்பா சட்டைப் பையில கல்லூரிப் பேரெல்லாம் எழுதின துண்டுச் சீட்டு வச்சிருந்தார், நாங்க உள்ள போறதுக்குள்ள பாதி அடிபட்டுப் போச்சு. அதனால அப்வர்ட் போடுங்கன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா பிரான்ச் விஷயத்துல என் கருத்து மாறல. அந்த ஏழு கல்லூரியோட தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுதே, அதைப் பார்த்து முடிவு பண்ணலாமே?

பதினெட்டு வருட வாத்தியார்:
பாருங்க, கட்டாயம் பாருங்க. அந்த லிஸ்ட்ல கீழே கிடக்குற கல்லூரியை விட்டுத் தள்ளிடலாம். ஆனா தன்னாட்சிக் கல்லூரி எதுவும் அந்தப் பட்டியல்ல வராது. அவங்களே கேள்வித்தாள் எடுத்து, அவங்களே திருத்துறாங்க. சேலமும் தன்னாட்சிதான், அதையும் சொல்லிடறேன். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கான்னு பார்க்குறதும் கல்லூரிக்குப் பார்க்கக் கூடாது, அந்தந்த பிரான்ச்சுக்குப் பார்க்கணும்.

அப்புறம், 2021 பாடத்திட்டத்துலயே அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரியில எந்த பிரான்ச்னாலும் முதல் செமஸ்டர்லயே பைத்தான் (ஒரு கோடிங் மொழி) இருந்துச்சு. இ.இ.இ. எடுத்தா கோடிங் பக்கமே போக முடியாதுங்கிற பயம் பழைய பயம்.

திண்டுக்கல் அக்கா:
அண்ணா, அந்த டீம்டு போனைப் பத்தி நான் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி என் பையனுக்கு இதே கதை. ‘இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள’ன்னு போன்ல ஒரு பொண்ணு சொல்லும். நானும் பயந்து நகையை அடகு வச்சு 1,10,000 கட்டினேன். பன்னிரண்டு நாள் கழிச்சு கவுன்சிலிங்ல அவனுக்குப் பிடிச்ச இடம் வந்துச்சு. அங்க கட்டின பணத்தைக் கேட்கப் போனா ரீஃபண்ட் செக்‌ஷன், அக்கவுண்ட்ஸ், டீன் ஆபீஸ்னு மாத்தி மாத்தி அனுப்பினாங்க. நாலு தடவை திண்டுக்கல்ல இருந்து போனேன்.

அப்பதான் ஒரு வக்கீல் சொன்னார், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்குன்னு. 2024-25க்கு வெளியிட்டதுல செப்டம்பர் 30க்குள்ள ரத்து பண்ணினா முழுப் பணமும் தரணும், அக்டோபர் 31 வரைக்கும்னா 1,000 ரூபாய்க்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. இந்த வருஷத் தேதியை யு.ஜி.சி. தளத்துல பார்த்துக்குங்க. அதை மேற்கோள் காட்டி மெயில் போட்டதுக்கு அப்புறம் பணம் வந்துச்சு. மூணு மாசம் ஆச்சு. வட்டி எங்க தலையில.

அதனால அந்த 25,000 போயிருச்சுன்னு நினைச்சு, அதைக் காப்பாத்த மேல மேல கட்டாதீங்க. மெயில்ல எழுதிக் கேளுங்க, போன்ல கேட்காதீங்க.

இன்னொண்ணு. எல்லாரும் பேசிட்டோம். பாப்பா ஏன் இ.இ.இ. கேட்குதுன்னு நீங்க எழுதவே இல்லையே?

கரூர் அப்பா:
அக்கா, நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் உட்கார வச்சுக் கேட்டேன். எனக்கே வெட்கமா இருக்குங்க, நாலு மாசமா கட்-ஆஃபும் ரேங்கும்தான் பேசியிருக்கோம், இதைக் கேட்கல.

எங்க வீதி முக்குல மோட்டார் காயில் கட்டுற கடை ஒண்ணு இருக்கு. லீவுல பாப்பா அங்கதான் நிக்கும். தறி மோட்டார் எரிஞ்சு வந்தா அந்த அண்ணன் பழைய கம்பியை உருவிட்டுப் புதுசு சுத்துவார், பாப்பா சுத்து எண்ணிச் சொல்லும். ஒரு தடவை அவர் எண்ணிக்கையை விட்டுட்டாராம், இது 46ன்னு சொல்லியிருக்கு, பிரிச்சுப் பார்த்தா 46தான். “வெறும் கம்பியைச் சுத்துனா எப்படிப்பா தறி ஓடுது? அதைத்தான் படிக்கணும்”னு சொல்லுச்சு. கம்ப்யூட்டர் ஏன் வேண்டாம்னு கேட்டேன். “வேண்டாம்னு சொல்லலப்பா, அதை யாருமே ஏன் படிக்கணும்னு எனக்குச் சொல்லல, சம்பளம் மட்டும்தான் சொன்னாங்க”ன்னுச்சு.

230 கேவி:
இதுக்கு மேல என்ன சார் வேணும். ஜாயின் போடுங்க.

சென்னை கோடர்:
230 சார், அவசரப்படாதீங்க. பதினேழு வயசுல எனக்கும் இன்ஜின் சத்தம் பிடிச்சுது, அதனாலதான் மெக்கானிக்கல் எடுத்தேன். பிடிச்சது வேற, நாலு வருஷம் கழிச்சு சந்தையில நிக்கிறது வேற. கரூர் அண்ணா, நாளைக்கு 5 மணி வரைக்கும் நேரம் இருக்கு. கரூர்ல இருந்து சேலம் ரெண்டு, ரெண்டரை மணி நேரம்தானே? பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கல்லூரியை ஒரு தடவை காட்டுங்க. பார்த்துட்டும் அது வேணும்னா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

கரூர் அப்பா:
போயிட்டு வந்துட்டோம்ங்க. காலையில அஞ்சரை பஸ், நாமக்கல் வழி. கருப்பூர்ல இறங்கினோம். வாட்ச்மேன் அலாட்மென்ட் பேப்பரைப் பார்த்துட்டு உள்ள விட்டார். இ.இ.இ. டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல இருந்த மேடம், மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணு ஒருத்தியைக் கூப்பிட்டு மெஷின் லேபைக் காட்டச் சொன்னாங்க. தர்மபுரிப் பொண்ணு, அதுவும் வீட்டுல முதல் பட்டதாரியாம். ஒரு பழைய மோட்டாரை ஓட விட்டு, டேக்கோமீட்டரை ஷாஃப்ட்டுல வச்சு வேகம் எவ்வளவுன்னு காட்டுச்சு. பாப்பா அதை வாங்கி வச்சுப் பார்த்துச்சு. முதல் தடவை ஊசி ஆடுச்சு, ரெண்டாவது தடவை நிலையா நின்னுது. நான் வாசல்லயே நின்னேன். அரை மணி நேரம் ரெண்டும் பேசிட்டே இருந்துச்சுங்க. பிளேஸ்மென்ட் பத்தியும் கேட்டுச்சு. சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் போறாங்க, கோர், அதாவது எலக்ட்ரிக்கல் கம்பெனிங்க, குறைவா வருது, கேட் (GATE) பரீட்சைக்குப் படிக்கிறவங்களும் இருக்காங்கன்னு அந்தப் பொண்ணு மறைக்காமச் சொல்லுச்சு.

திரும்பி வர்ற பஸ்லயே போன்ல, 3 மணிக்கு முன்னாடி பாப்பாவே ஜாயின் போட்டுருச்சு. அந்த 11ஐயும் விட்டாச்சு, அது கேட்ட நாலையும் சேர்த்துத்தான். டீம்டுக்கு அக்கா சொன்ன மாதிரி மெயில் போட்டுட்டேன். மச்சான் கோவிச்சுட்டார், அது கிடக்கட்டும்.

சேரப் போகும்போது என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

சென்னை கோடர்:
வாழ்த்துகள் அண்ணா. எனக்கு மனசு முழுசாச் சமாதானம் ஆகல, உண்மையைச் சொல்றேன். ஆனா பார்த்துட்டு எடுத்த முடிவு. பாப்பாவுக்கு ரெண்டாவது வருஷத்துல ப்ரோகிராமிங்ல ஏதாவது உதவி வேணும்னா இங்கயே கேளுங்க, ஞாயித்துக்கிழமை நேரம் ஒதுக்குவேன்.

பதினெட்டு வருட வாத்தியார்:
அலாட்மென்ட் ஆர்டர், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், அஞ்சாறு போட்டோ. முதல் பட்டதாரிச் சான்றிதழை மறந்துடாதீங்க, கல்விக் கட்டணச் சலுகை அதை வச்சுத்தான். எல்லாத்துலயும் நாலு நாலு ஜெராக்ஸ். ஒரிஜினலைச் சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கணும்னு யு.ஜி.சி. 2018லயே சொல்லியிருக்கு. யார் வாங்கி வச்சுக்கிட்டாலும் கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாம வராதீங்க.