பின் லிங்க்கை நானே செய்து மாட்டினேன்: ஏற்றத்தில் டக் டக், சமதரையில் இடப்பக்கம் இழுக்கிறது

பாறைப்பல்லி:
வணக்கம். வண்டி ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் பதிப்பு, பாறையேறும் ரிமோட் மாடல் கார், நிஜ வண்டியில் பத்தில் ஒன்று அளவு. வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 313 மி.மீ. எனக்குக் கிடைத்த டிஃபென்டர் பாடியோ 324 மி.மீ. வீல்பேஸுக்கானது. பின் டயர் மட்கார்டின் முன் ஓரத்தில் உரசியது. நீள லிங்க் செட்டை (லிங்க் என்றால் பின் ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் கம்பி, மேலே இரண்டு, கீழே இரண்டு) வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, நானே செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன்.

6 மி.மீ. அலுமினியக் கம்பி வாங்கி, கீழ் லிங்க் இரண்டையும் 11 மி.மீ. கூட்டி வெட்டினேன். முனைகளில் எம்3 மரை போட்டேன். கல்லில் தட்டாமலிருக்க நடுவில் லேசாக வளைத்தேன். மேல் லிங்க்கைத் தொடவில்லை. அது சும்மா பிடித்துக்கொண்டுதானே இருக்கிறது?

இப்போது தொல்லை மேல் தொல்லை. பாறையில் ஏறும்போது பின் ஆக்சில் தொங்கினால் டிரைவ் ஷாஃப்ட்டில் (ஆக்சிலைச் சுழற்றும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரட்டைத் தண்டு) டக் டக் என்று சத்தம். நேற்று ஷாஃப்ட் இரண்டாகக் கழன்றே விழுந்தது. சமதரையில் வண்டி இடப்பக்கம் போகிறது, ரிமோட்டில் ஸ்டியரிங் டிரிம் (நேராக்கும் சின்னத் திருத்தம்) வைத்தும் முழுதாகச் சரியாகவில்லை. லிங்க் முனையில் திருகும் ராட் எண்டு (துளையுள்ள கண்) ஒன்று கையால் இழுத்ததற்கே மரையோடு வந்துவிட்டது. வளைத்த இடத்தில் முடி போல ஒரு கோடும் தெரிகிறது. வீல்பேஸ் அளந்தால் 320தான் வருகிறது, டேப்பில் சரியாக அளக்கவில்லையோ என்னவோ. எங்கே தப்பு செய்தேன்?

அச்சுக்கூடம்:
3டி பிரிண்டர் இருந்தால் லிங்க்கை அச்சடித்துவிடலாமே? நீளம் துல்லியமாக வரும்.

லேத்துக்காரன்:
@அச்சுக்கூடம் பேட்டரி தட்டு, சர்வோ பிடி எல்லாம் தாராளமாக அச்சடிக்கலாம். லிங்க் வேண்டாம். ராட் எண்டு மாட்டும் இடத்தில்தான் முதல் இடி விழும், அங்கேதான் பிளந்துகொள்ளும். பிஎல்ஏ (அச்சடிக்கும் பிளாஸ்டிக்கில் சாதாரண ரகம்) என்றால் 60 பாகை சூட்டிலேயே தளர ஆரம்பித்துவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துப் பாருங்கள்.

@பாறைப்பல்லி டேப்பில் தப்பு இருக்காது தம்பி. அந்த 320தான் துப்பே. கீழ் லிங்க்கை 11 கூட்டினால் ஆக்சிலின் கீழ்ப்பக்கம் மட்டும் பின்னால் போகும். மேல்பக்கத்தைப் பழைய மேல் லிங்க் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அப்படியானால் ஆக்சில் நகரவில்லை, உருண்டிருக்கிறது. நடுவில் இருக்கும் சக்கர மையத்துக்கு 7 மி.மீ.தான் கிடைத்தது, அதனால் 324 வரவில்லை.

உருண்டதில் பினியன் மூக்கு (ஆக்சிலில் ஷாஃப்ட் மாட்டும் முனை) தரையைப் பார்த்துத் தாழ்ந்திருக்கும். ஆக்சிலில் மேல் பிடிக்கும் கீழ் பிடிக்கும் நடுவே 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் 20 பாகைக்கு மேல் சாய்வு. ஏற்கெனவே தொங்கும் ஷாஃப்ட்டில் இதுவும் சேர்ந்தால் அதன் முனையில் மடங்கும் யுனிவர்சல் ஜாயின்ட் தட்டாமல் என்ன செய்யும்? மேல் லிங்க் சும்மா இல்லை. பினியன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வதே அதுதான்.

மேல் லிங்க்கையும் அதே 11 கூட்டுங்கள். அப்புறம் ஷாக் அப்சார்பரின் கீழ் முனைகளைக் கழற்றிவிட்டு, ஆக்சிலைக் கையால் மேலும் கீழும் குறுக்கிலும் அசைத்து, ஷாஃப்ட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் கையிலேயே தெரிந்துவிடும்.

மரை எப்படிப் போட்டீர்கள்? எந்த டிரில் பிட்?

பாறைப்பல்லி:
இப்போது குனிந்து பார்க்கிறேன், மூக்கு நிஜமாகவே கீழே பார்க்கிறது! பிட் 2.5தான் அண்ணா. மரை வெட்டும் டேப் ரொம்ப இறுகியது, உடைந்துவிடுமோ என்று பயந்து 2.8ஆல் பெருக்கிவிட்டேன். ஆழம் 5 மி.மீ. இருக்கும்.

லேத்துக்காரன்:
அங்கேயே மரை போச்சு. எம்3க்கு 2.5தான். 2.8 போட்டால் மரையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இறுகினால் துளையைப் பெருக்கக் கூடாது, இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட வேண்டும். அலுமினியத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், அவ்வப்போது வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். ஆழம் குறைந்தது 10 மி.மீ.

லேத் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: கம்பியை டிரில் மெஷின் சக்கில் மாட்டுங்கள், பிட்டை வைஸில் நிமிர்த்திப் பிடியுங்கள். கம்பி சுற்றும், பிட் நிற்கும். துளை தானாக நடுவுக்கு வந்துவிடும். நான் லேத் வாங்கும் முன் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

டெல்ரின்தாசன்:
இடப்பக்க இழுப்புக்கு நான் சொல்கிறேன். வளைத்தால் லிங்க்கின் இரு முனை ராட் எண்டுகளுக்கு நடுவே உள்ள நீளம் குறையும். இரண்டையும் ஒரே அளவு வளைத்தேன் என்று கண் சொல்லும், வெர்னியர் ஒத்துக்கொள்ளாது. கழற்றி அளந்து சொல்லுங்கள். வலது லிங்க் நீளமாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அப்படி இருந்தால் பின் ஆக்சில் கோணலாகி, பின் சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பி நிற்கும், வண்டி மூக்கு இடப்பக்கம் போகும். அதை முன் சக்கர டிரிம்மில் சரி செய்யப் பார்த்தால் வண்டி நண்டு மாதிரிதான் நடக்கும்.

அந்த முடிக்கோடு விரிசல். 6061 டி6 ரக அலுமினியக் கம்பியைப் பச்சையாக வளைத்தால் அப்படித்தான் செய்யும். குளியல் சோப்பைத் தேய்த்து, சோப்பு கருக்கும் வரை சூடேற்றி, ஆறவிட்டு வளைக்கலாம். ஆனால் அப்படி மிருதுவாக்கிய கம்பி முதல் விழுதலிலேயே தானாக இன்னொரு வளைவு எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் வளைவே வேண்டாம். 8 மி.மீ. டெல்ரின் (கெட்டியான, வழுக்கும் பிளாஸ்டிக்) கம்பி வாங்கி நேராகவே செய்யுங்கள். கல்லில் பட்டால் வழுக்கிப் போகும், கொஞ்சம் வளைந்தாலும் திரும்பி நிமிரும். அலுமினியம் கல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும்.

பாறைப்பல்லி:
அளந்தேன். வலது 1.5 மி.மீ. நீளம். பந்தயம் உங்களுக்கே.

லேத்துக்காரன்:
எம்3 மரையின் இடைவெளி 0.5 மி.மீ. புது லிங்க் வரும்வரை இடது ராட் எண்டை மூன்று சுற்று வெளியே திருப்பினால் 1.5 கிடைக்கும். 5 மி.மீ. மரையில் அது தாங்காது, வீட்டுத் தரையில் மட்டும் ஓட்டுங்கள். அடுத்த முறை பலகையில் இரண்டு எம்3 ஸ்க்ரூவைத் தேவையான தூரத்தில் நட்டு வையுங்கள். லிங்க்கின் இரு கண்களும் இழுக்காமல் அவற்றில் உட்கார்ந்தால்தான் வண்டிக்குப் போக வேண்டும்.

பாறைப்பல்லி:
பத்து நாள் கழித்து வருகிறேன். நான்கு லிங்க்கும் டெல்ரினில் செய்தேன். பலகையில் வைத்துச் சரிபார்த்ததில் முதலாவது மட்டும் குப்பைக்குப் போனது. வீல்பேஸ் 324, டயர் உரசவில்லை, வண்டி நேராகப் போகிறது. டக் டக்கும் நின்றது.

ஆனால் ஆக்சில் முழுக்கத் தொங்கினால் ஷாஃப்ட் இன்னும் கழலப் பார்க்கிறது. ஒன்றுக்குள் ஒன்று 4 மி.மீ.தான் நுழைந்திருக்கிறது.

டெல்ரின்தாசன்:
சக்கரத்தை 11 பின்னால் தள்ளினீர்கள், ஷாஃப்ட் நீளவில்லையே! நீள ஷாஃப்ட்தான் சரியான வழி. அதுவரை பின் ஷாக்கைத் திறந்து, உள்ளே பிஸ்டனுக்குக் கீழே தண்டில் மீன் தொட்டிக் காற்றுக்குழாயில் 6 மி.மீ. துண்டு வெட்டிக் கோத்துவிடுங்கள். ஷாக் அந்த அளவுக்குக் குறைவாக நீளும், ஆக்சில் அவ்வளவு தொங்காது. எண்ணெயை மறுபடி நிரப்பி, குமிழி போகும்வரை தண்டை ஏற்றி இறக்குங்கள்.

பாறைப்பல்லி:
மீன் தொட்டி தங்கையுடையது. குழாயின் கடைசியில் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன், இன்னும் அவளுக்குத் தெரியாது. ஷாஃப்ட் கழலவில்லை.