வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸில நெருப்புப் பிடிச்சு, அஞ்சு செக்கனில நூர்ந்துபோகுது (ஸ்காபரோ, கனடா)

இரவு 9 மணியில இருந்து வீட்டுக்கு வெக்கை வரேல்லை. வெளியில மைனஸ் 19, உள்ளுக்கு இப்ப 14, இறங்கிக்கொண்டே போகுது. மேல அம்மாவும் எட்டு மாசப் பிள்ளையும் படுத்திருக்கினம்.

காஸ் ஃபர்னஸ், 96 வீத எஃபிஷியன்சி, 2014 இல போட்டது. சின்ன ஃபான் சுத்துது, நெருப்பு மூட்டிற இக்னைட்டர் சிவக்குது, நெருப்பு பத்துது, உடன நூருது. மூண்டு தரம் இப்பிடிச் செய்திட்டு லொக் ஆகி நிண்டிடுது. காஸ் மணம் இல்லை, கார்பன் மொனொக்சைட் அலாரமும் கத்தேல்லை.

தேர்மோஸ்டாட் பற்றரி மாத்தினன், ஃபில்டரைக் கழட்டியும் பாத்தாச்சு. வெளியில போற வெள்ளைக் குழாய் ரெண்டையும் ஸ்னோ மூடியிருந்தது. தோண்டி எடுத்திட்டு, இதுதான் பிழை எண்டு சந்தோசப்பட்டது வீண். பிறகு ஃபிளேம் சென்சரை (நெருப்பு எரியுதோ எண்டு பாக்கிற கம்பி) கழட்டி ஸ்டீல் வுல்லால துடைச்சுப் பூட்டினன். 20 நிமிசம் ஓடினது, திரும்பப் பழையபடிதான். சேர்விஸ்காரர் நாளைக்கு 11 மணிக்குத்தான் வருவினமாம். ரெண்டு எலக்ட்ரிக் ஹீட்டரை ஒரே லைனில போட்டு பிரேக்கரும் ஒருக்கா விழுந்திட்டுது.

சென்சரைத் துடைச்ச பிறகும் இப்பிடி நூருது எண்டால் சென்சரையே மாத்தவேணுமா, இல்லை எர்த் வயரைப் பாக்கவேணுமா?