தொடக்கப் பட்டியலில் கை வைத்தவர்களின் அனுபவங்கள்

மனு தட்டச்சர்

இது 2009இல் நடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, கணினி எழும்போது தானாக எழும் நிரல்களைக் காட்டும் ஸ்டார்ட்டப் பட்டியலில் எனக்குப் பெயர் விளங்காத வரிகளின் குறியையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எடுத்துவிட்டேன் என்று சொன்னால், மீதியை இங்குள்ளவர்கள் ஊகித்துவிடுவீர்கள். எங்கள் கடை ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்குத்தான் எங்களுக்குக் கூட்டம். பட்டா மாறுதலுக்காக வந்திருந்த ஒரு பாட்டி முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். "பெறுநர்" என்று அடித்தேன். திரையில் ஆங்கில எழுத்துகளில் "பிஇஆர்யுஎன்ஏஆர்" என்று வந்து நின்றது. ஆல்ட் விசையை எத்தனை முறை அழுத்தியும் தமிழ் வரவில்லை.

விசைப்பலகைதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, கடைப் பையனைத் திட்டி, பக்கத்துக் கடையிலிருந்து வேறொன்று வாங்கிவரச் சொன்னேன். அதிலும் வரவில்லை என்றதும், தேநீரைக் கொட்டினாயா என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கேட்டேன். பாட்டி சிறிது நேரம் பார்த்துவிட்டு, வெள்ளைத்தாளில் கையால் எழுதித் தருபவரிடம் எழுந்து போய்விட்டார். பிற்பகலில்தான் எனக்கு உறைத்தது. ஆங்கில எழுத்துகளில் அடிப்பதைத் தமிழாக மாற்றித் தந்த மென்பொருள் இ-கலப்பை. அதன் அன்றைய பதிப்பு கீமேன் என்ற வேறொரு மென்பொருளின் மீது இயங்கியது. "கலப்பை" என்ற பெயரை மட்டும் தேடிப் பார்த்து விட்டுவைக்க நினைத்த நான், கீமேன் என்றிருந்ததை ஏதோ வேண்டாதது என்று முடக்கியிருக்கிறேன். பையனிடம் அதைச் சொல்லவில்லை. அந்த விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்த அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜவுளிக்கடைக் கணக்கர்

தட்டச்சர் ஐயா மன்னிக்க வேண்டும். பெயர் தெரியாத வரியை எடுத்தது உங்கள் பிழை. நான் முறைப்படி செய்தும் மாட்டிக்கொண்டவன். எம்எஸ்கான்ஃபிக்கில், பின்னணியில் ஓடும் சர்வீஸ்களில் மைக்ரோசாஃப்டுடையவற்றை மறைக்கும் கட்டத்தில் குறியிட்டு, அதன் பிறகே மீதியுள்ளவற்றை ஒட்டுமொத்தமாக முடக்கும் பொத்தானை அழுத்தினேன். எல்லாக் குறிப்புகளிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறார்கள்? தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, காலை பத்தரை மணிக்கு, பில் போடும் மென்பொருள் உரிமம் காணப்படவில்லை என்றது. உரிமத்துக்கு அடையாளமான யூஎஸ்பி டாங்கிள் சொருகிய இடத்தில்தான் இருந்தது. அதன் விளக்கும் எரிந்தது. ஆனால் அந்த டாங்கிளைப் படித்துச் சொல்லும் சர்வீஸ் மைக்ரோசாஃப்டுடையது அல்ல என்பதால், மறைக்கப்படாமல் பட்டியலில் நின்று, என் ஒரே அழுத்தலில் போயிருந்தது. முதலாளி பரணிலிருந்து பழைய பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் இறக்கினார். மதியம் இரண்டு மணி வரை கையால் எழுதினோம். மறைத்துவிட்டு முடக்கினால் ஆபத்தில்லை என்று எழுதுபவர்கள் யாரும் கடையில் உட்கார்ந்து பில் போட்டதில்லை என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற பழுதுநீக்குநர்

நீங்கள் இருவரும் குறியைத்தான் எடுத்தீர்கள்; திரும்ப வைத்தால் சரியாகிவிடும். நான் வரியையே அழித்தவன்.

எக்ஸ்பி காலத்துக் கதைதான். வாடிக்கையாளர் ஓர் ஆசிரியை. கணினியில் அவருடைய ஆய்வேடு இருந்தது. வைரஸ் நீக்கி மென்பொருள் வைரஸின் கோப்பைப் பிடித்து அழித்துவிட்டது. ஆனாலும் அதன் பெயர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் தேடியபோது, வின்லாகான் பகுதியில், உள்நுழைந்ததும் எதை இயக்க வேண்டும் என்று சொல்லும் யூசர்இனிட் என்ற மதிப்பில் அது நின்றது. முன்பாதியில் விண்டோஸின் சொந்தக் கோப்பு, ஒரு காற்புள்ளி, அதை அடுத்து அந்த வைரஸின் பாதை. காற்புள்ளிக்குப் பின்னால் இருந்ததை மட்டும் நீக்கியிருக்க வேண்டும். கை முந்திக்கொண்டது, முழு மதிப்பையும் அழித்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தேன்.

வரவேற்புத் திரை வந்தது. அவர் பெயரைச் சொடுக்கினேன். உங்கள் அமைப்புகள் ஏற்றப்படுகின்றன என்றது. பின்னணிப் படம் ஒரு கணம் தெரிந்தது. உடனே அமைப்புகள் சேமிக்கப்படுகின்றன என்று சொல்லி மீண்டும் வரவேற்புத் திரைக்கே வந்து நின்றது. மறுபடி சொடுக்கினேன், மறுபடி அதே. மிகக் குறைந்த நிரல்களோடு எழும் சேஃப் மோடிலும் அதே. வீட்டுக்குள் அழைத்து, செருப்பைக் கழற்றுவதற்குள் வெளியே அனுப்பிவிடுவதைப் போல அந்தக் கணினி என்னைப் பதினைந்து முறையாவது திருப்பி அனுப்பியிருக்கும். ஆசிரியை பின்னால் நின்றுகொண்டு, "ஏன் சார், உள்ளே போய்விட்டுத் திரும்பத் திரும்ப வெளியே வருகிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், வேறொரு கணினியில் இணைத்து, அதன் ரெஜிஸ்ட்ரிக் கோப்பை வெளியிலிருந்து ஏற்றி, யூசர்இனிட் கோப்பின் முழுப் பாதையையும் இறுதிக் காற்புள்ளியோடு எழுதிச் சேமித்தேன். மறுநாள் காலை கணினி ஒழுங்காக உள்ளே போனது. ஆய்வேடு அப்படியே இருந்தது. வைரஸ் மிகவும் ஆழமாகப் போயிருந்தது என்று அவரிடம் சொல்லி, கூலியையும் வாங்கிக்கொண்டேன். கூலி வாங்கியதைத்தான் இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குழுக் கணக்காளர்

பழுதுநீக்குநர் ஐயாவாவது வட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சரிசெய்திருக்கிறார். நான் போன கடையில் அந்தப் பொறுமை இல்லை. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் தாவலில் படமும் வெளியீட்டாளர் பெயரும் இல்லாமல் வெறுமனே "புரோகிராம்" என்று ஒரு வரி இருந்தது. பெயரில்லாமல் எது ஓடினாலும் அது உளவு பார்ப்பதுதான் என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அந்த வரியைப் பார்த்த மாத்திரத்தில் தலையை ஆட்டி, "வைரஸ்தான் மேடம், ஃபார்மட் போட்டால்தான் போகும்" என்றார். டி டிரைவைத் தொடமாட்டோம் என்று உறுதியும் கொடுத்தார். டி டிரைவை அவர் தொடவில்லை என்பது உண்மை. எங்கள் மகளிர் குழுவின் மூன்று ஆண்டுக் கணக்கு டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப் சி டிரைவில் இருக்கிறது என்பது கணினியை வாங்கிவந்து திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வரி என்ன என்பதும் பிறகுதான் தெரிந்தது. என்றோ நீக்கிய ஒரு மென்பொருள் தன் முகவரியை மட்டும் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸ் என்ற கோப்புறையின் பெயருக்கு நடுவில் ஓர் இடைவெளி உண்டல்லவா? முகவரியை மேற்கோள் குறிகளுக்குள் எழுதாவிட்டால், விண்டோஸ் அந்த இடைவெளி வரை படித்து, "புரோகிராம்" என்பதையே பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். அந்த ஓர் இடைவெளிக்காக, கையெழுத்து நோட்டைப் பார்த்துப் பார்த்து மூன்று ஆண்டு வரவையும் கடனையும் ஒரு கோடை முழுவதும் மறுபடி ஏற்றினேன்.

நிதானி

என் அனுபவம் சிறியது: ஒருமுறை ஒலியட்டையின் நிரலை முடக்கிவிட்டு, ஹெட்ஃபோன் வேலை செய்யவில்லை என்று புதியது வாங்கினேன். இனி குழுக் கணக்காளர் போன்றவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், ஸ்டார்ட்டப் தாவலின் தலைப்பு வரியில் வலச்சொடுக்கு செய்து "கமாண்ட் லைன்" என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால், பெயரில்லாத வரி எந்தக் கோப்பை அழைக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். இது விண்டோஸ் 8இல் இந்தத் தாவல் எம்எஸ்கான்ஃபிக்கிலிருந்து டாஸ்க் மேனேஜருக்கு இடம்பெயர்ந்த நாள் முதல் இருக்கிறது, கடைக்காரர்களே பார்ப்பதில்லை. அடுத்து, அங்கே "தாக்கம்" என்று காட்டப்படுவது யாரோ போட்ட மதிப்பெண் அல்ல. தொடக்கத்தில் ஒரு விநாடிக்கு மேல் செயலியின் நேரத்தையோ 3 எம்பிக்கு மேல் வட்டின் படிப்பையும் எழுதலையுமோ எடுத்துக்கொண்டால் அதிகம், 300 மில்லி விநாடிக்கும் 300 கேபிக்கும் கீழே நின்றால் குறைவு, இடைப்பட்டது நடுத்தரம். அதிகம் என்று இருப்பதை மட்டும் முதலில் பாருங்கள். குறைவு என்று இருப்பதை முடக்கி ஒரு பயனும் இல்லை.

இந்தத் தாவலில் தெரிவது முழுப் பட்டியல் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சர்வீஸ்களும், விண்டோஸ் தானே எழுப்பும் திட்டமிட்ட பணிகளும் இங்கே வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஆட்டோரன்ஸ் என்ற கருவிதான் சரி. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதியது. அவர்களுடைய சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மஞ்சள் நிறத்தில் இருக்கும் வரி, கோப்பே இல்லாத வெற்று முகவரி. குழுக் கணக்காளரின் "புரோகிராம்" அதில் மஞ்சளாகத்தான் நின்றிருக்கும். குறியை எடுத்தால் அந்த வரி ரெஜிஸ்ட்ரியின் வேறொரு கிளையில் பத்திரமாக ஒதுக்கிவைக்கப்படுகிறது, மீண்டும் வைக்கலாம். அழித்தால் போனது போனதுதான். பழுதுநீக்குநர் ஐயா அழித்ததால்தான் வட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கடைசியாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் முடக்குங்கள். பட்டியலைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒன்றை முடக்கி, ஒரு வாரம் வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், ஜவுளிக்கடைக் கணக்கருக்குக் கார்பன் தாள் தேவைப்பட்டிருக்காது.

வெளியூர் மகன்

நிதானி அவர்களின் அளவுகோலைத்தான் நானும் நம்பினேன். அதிகம் என்று இருந்ததை மட்டும் முடக்கினேன், அதுவும் ஒன்றே ஒன்றை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவின் மடிக்கணினி மிகவும் மெதுவாக இருந்தது. காணொளி அழைப்பு மென்பொருளின் எதிரே "அதிகம்" என்று இருந்தது, முடக்கினேன். மடிக்கணினி முன்பைவிட விரைவாக எழுந்தது. அதை அம்மாவிடம் பெருமையாகக் காட்டிவிட்டு விமானம் ஏறினேன். ஞாயிறு மாலை ஆறு மணி எங்கள் நேரம். அம்மா மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அது தானாக மணியடிக்கும் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்த கணினி அறிவு. அந்த மென்பொருள் தொடக்கத்தில் எழாவிட்டால் மணி எப்படி அடிக்கும்? முதல் ஞாயிறு அழைத்தேன், எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் ஞாயிறும் எடுக்கவில்லை. நடுவில் இரண்டு முறை தொலைபேசியில் பேசினோம். மகனுக்கு வேலை இருந்திருக்கும் என்று அவர் கேட்கவில்லை, அம்மாவுக்கு முடியவில்லையோ என்று நானும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் அத்தை சொல்லித்தான் தெரிந்தது: "உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி முன்னால் எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாளடா."

தாக்கம் என்ற நெடுவரிசை செயலியையும் வட்டையும்தான் அளக்கிறது, நிதானி அவர்களே. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பதும் அந்தக் கணினியின் முன்னால் நாமே உட்கார்ந்திருந்தால்தான் நடக்கும். அந்த மடிக்கணினியின் உண்மையான நோய், நிமிடத்துக்கு 5400 முறை மட்டுமே சுற்றும் ஹார்ட் டிஸ்க். எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் கேட்கும்போது அதன் ஊசி அங்குமிங்கும் ஓடி முடிப்பதற்குள் நிமிடங்கள் போய்விடும். அடுத்த விடுமுறையில் அதற்குப் பதிலாகச் சுழலும் வட்டு இல்லாத எஸ்எஸ்டி மாற்றினேன், முடக்கிய நிரலையும் திரும்ப இயக்கிவைத்தேன். இரண்டும் சேர்ந்தும் முன்பைவிட வேகமாகத்தான் எழுகிறது.

குழுக் கணக்காளர்

நிதானி அவர்களுக்கு: நான் எழுதியது ஃபார்மட் போட்ட கதை, ஆலோசனை கேட்டு எழுதவில்லை. "கமாண்ட் லைன்" நெடுவரிசையைப் பற்றி அந்தக் கோடை முடிவதற்குள் நானே கற்றுக்கொண்டுவிட்டேன். ஹெட்ஃபோன் வாங்கிய கதையை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம்.

மனு தட்டச்சர்

ஜவுளிக்கடைக் கணக்கர் சொன்னது சரிதான், பிழை என்னுடையதுதான். அதனால்தான் இங்கே எழுதினேன். ஆனால் பெயர் தெரிந்த வரியை மட்டும் எடுக்கும் வழியும் எப்போதும் உதவுவதில்லை. பிற்பாடு விண்டோஸ் 10 வாங்கியபோது, ஒருநாள் ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ஓர் எழுத்தும் விழவில்லை. வேர்டில் மட்டும் விழுந்தது. காரணம், எழுத்து உள்ளீட்டைக் கவனிக்கும் சிடிஎஃப்மான் என்ற கோப்பு ஓடாமல் இருந்தது. அது ஸ்டார்ட்டப் தாவலில் இல்லவே இல்லை; திட்டமிட்ட பணியாக எழுகிறது, அந்தப் பணியை யாரோ வேகக் குறிப்பு ஒன்றைப் படித்து நிறுத்தியிருக்கிறார்கள். யார் என்று இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை.

இப்போது கடைக் கணினியின் திரைக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தொடக்கத்தில் எழும் நிரல்களில் எவற்றைத் தொடக்கூடாது என்று அதில் மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறேன். முதலாவது தமிழ் விசைப்பலகை, இரண்டாவது அச்சுப்பொறி. மூன்றாவது எதற்கானது என்று எனக்கே மறந்துவிட்டது. இருந்தாலும் அதை எடுத்துப் பார்க்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.