கரப்பான் நோய் கண்ட தோலுக்குத் தவிடு, மாதுளை ஓடு, முந்திரித் தோடு: எது ஆகும், எது ஆகாது?

காவிரிக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் வீட்டளவில் குளியல் சோப்பு செய்து விற்று வருகிறேன். எங்கள் ஊர் அரிசி ஆலையில் தவிடு மலிவாகக் கிடைக்கிறது. கடைத்தெருவில் உள்ள பழச்சாறுக் கடைக்காரர் ஆரஞ்சுத் தோலையும் மாதுளை ஓட்டையும் மாலையானால் சாக்கில் கட்டிக் குப்பையில் போடுகிறார். என் அக்கா மகளுக்கு ஆறு வயது. முழங்கை, முழங்கால் மடிப்புகளில் கரப்பான் (எக்ஸிமா) வந்து, இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறாள். இத்தகைய கழிவுகளில் தோல் அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் இருப்பதாகப் படித்தேன். இவற்றைக் காயவைத்துப் பொடித்துச் சோப்பில் சேர்த்தால் குழந்தைக்குப் பயன்படுமா? பிற்பாடு விற்பனைக்கும் கொண்டுவர முடியுமா? முந்திரித் தோட்டு எண்ணெயும் நல்லது என்று ஒருவர் சொன்னார். அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

எண்ணெய் ஆலை வேதியியலர்:
நீங்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் கழிவு வேறு, கழிவிலிருந்து பிரித்தெடுத்த பொருள் வேறு. தவிட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் காமா ஒரைசனால், பெருலிக் அமிலம் என்னும் இரண்டும் உள்ளன. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இவை அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைக்கின்றன. தவிட்டெண்ணெயைக் காரம் (காஸ்டிக் சோடா) சேர்த்துச் சுத்திகரிக்கும்போது ஒரைசனாலின் பெரும்பகுதி எண்ணெயில் தங்காமல், சோப்ஸ்டாக் என்று நாங்கள் ஒதுக்கும் பழுப்பு நிறக் கசடோடு போய்விடுகிறது. சமையல் எண்ணெயில் இருப்பதைவிட நாற்றமடிக்கும் அந்தக் கசடில்தான் சரக்கு அதிகம்! பெருலிக் அமிலத்தையும் இப்படித்தான், எண்ணெய் ஆலையில் கடைசியாக எஞ்சும் கரும்பிசினிலிருந்து பிரித்தெடுக்கும் முறையை ஜப்பானியர்கள் வகுத்தார்கள். ஆலிவ் எண்ணெய் ஆட்டும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இதே கதைதான்: ஹைட்ராக்ஸிடைரசால் போன்ற அழற்சி தணிக்கும் பொருள்களில் மிகச் சிறு பங்கே எண்ணெயில் சேர, மற்றதெல்லாம் கழிவுநீரிலும் சக்கையிலும் தங்கிவிடுகிறது. கரைப்பான்களைக் கொண்டு பிரித்து, தூய்மை பார்த்து, இத்தனை சதவீதம் என்று அளந்து களிம்பில் சேர்ப்பது ஆலையின் வேலை. அம்மியிலோ மிக்ஸியிலோ நடக்கக்கூடியதன்று. பச்சரிசித் தவிடாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அரைத்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள லிப்பேஸ் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கி, காறல் வாடை அடிக்கும். நெல்லை அவிக்கும்போதே நொதி செயலிழந்துவிடுவதால் புழுங்கலரிசித் தவிடு அவ்வளவு சீக்கிரம் கெடாது.

பண்ருட்டிக்காரன்:
முந்திரித் தோட்டு எண்ணெயைக் குழந்தையின் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அதில் மிகுந்திருக்கும் அனகார்டிக் அமிலத்துக்கு ஆய்வகத்தில் அழற்சி எதிர்ப்புக் குணம் காணப்பட்டது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்கள் அதை மருந்தென்று சொல்ல மாட்டார்கள். எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும், விரல் நுனிகள் கறுத்து, உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். சேங்கொட்டையும் மாமரமும் இதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகையால் மாம்பழத் தோல் பொடியும் கரப்பானுக்கு ஆகாது.

காவிரிக்கரை:
மிக்க நன்றி ஐயா. முந்திரியை விட்டுவிடுகிறேன். மாதுளை ஓட்டையும் ஆரஞ்சுத் தோலையும் வேகவைத்து, அந்த நீரையாவது பயன்படுத்தலாமா?

தோல் மருத்துவர்:
மாதுளை ஓட்டில் பியூனிகாலஜின் என்னும் டேனின், அதாவது துவர்ப்புப் பொருள், மிகுதி. துவர்ப்பு மருந்தாக நம் வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. நீர் வடியும் புண்ணை அது உலர்த்தும். உங்கள் அக்கா மகளின் தோலோ ஏற்கெனவே வறண்டு, நீரைப் பிடித்துவைக்க முடியாமல் இருப்பது. அதை மேலும் உலர்த்தக் கூடாது. ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் என்னும் மணப்பொருள் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையை உண்டாக்கும். எலுமிச்சைத் தோல் இன்னும் மோசம்: அதன் சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளம் கிளம்பும். பழத்தோலில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் சோப்பிலேயே இருக்கிறது. காரம் ஊற்றிக் காய்ச்சிய சோப்பின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7க்கு மேல் காரம், கீழே அமிலம்) 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் பிஎச் ஏறத்தாழ 5. என்ன மூலிகையைச் சேர்த்தாலும் அந்தச் சோப்பு கரப்பான் தோலின் காப்பு அடுக்கை அரிக்கவே செய்யும். புண்ணான தோலின் வழியே உணவுப் புரதங்கள் உள்ளே சென்றால், பின்னர் அந்த உணவே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஜப்பானில் சிதைத்த கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிச்சத்துக்கு வந்த செய்தி. தவிட்டிலும் புரதம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் வீணாகும் ஒன்றையே பயன்படுத்த வேண்டுமென்றால், உப்பில்லாத, அன்றன்று வடித்துத் தெளியவைத்த கஞ்சியை வெதுவெதுப்பான குளியல் நீரில் கலந்து பாருங்கள். அரிசி மாவுச்சத்துக் குளியல் தோலின் நீர்காப்புத் திறனைச் சற்று மேம்படுத்தியதாக 2002இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று உண்டு. புண் ஆறிய பிறகு, முன்கையில் சிறிதளவு தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். புளித்த கஞ்சி வேண்டாம். குளித்துத் துடைத்த ஈரம் காய்வதற்குள் மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூச வேண்டும். மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து நிறுத்தக் கூடாது.

விற்பனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழகுசாதனப் பொருள் தயாரிக்க 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். உறையில் 'கரப்பானைப் போக்கும்' என்று அச்சிட்டால் அது மருந்தாகக் கருதப்பட்டு, 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வேறு உரிமம் கேட்பார்கள். குழந்தைக்குப் புண்ணில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.