2008 மாருதி ஜிப்ஸி: பின் வீல்ல லீக், பிரேக் மொத்தமும் மாத்தணும்னு 26 ஆயிரம் எஸ்டிமேட். எத இப்பவே பண்ணணும், எது பொறுக்கும்?

வால்பாறை_ஜிப்ஸி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கிட்ட 2008 ஜிப்ஸி இருக்குது, அப்பா வாங்குன வண்டி, இப்ப நான்தான் ஓட்டறேன். வால்பாறைலதான் இருக்கோம், தினமும் எஸ்டேட் ரோடு, அப்பப்ப பொள்ளாச்சி, அவ்வளவுதான் ஓட்டம். போன வாரம் ஆழியாறுக்கு எறங்கறப்ப பாதி கொண்டை ஊசி தாண்டுனதும் பெடல் வழக்கத்த விட ரொம்ப கீழ போச்சு, ரெண்டு தடவ மிதிச்சாதான் புடிச்சுது. ஓரங்கட்டி பார்த்தா பின்னாடி எடது வீல் உள்பக்கம் பூரா ஈரம், ரிசர்வாயர்ல, அதாவது ஆயில் டப்பால, பிரேக் ஆயில் மினிமம் கோட்டுக்கும் கீழ. கைல இருந்த ஆயில ஊத்தி ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டிகிட்டு எறங்கி பொள்ளாச்சில வண்டிய விட்டுட்டு பஸ்ல வந்துட்டேனுங்க.

மெக்கானிக் சொல்றது: பின்னாடி ரெண்டு வீல் சிலிண்டரும், அது தள்ளி டிரம்முல உரசற ஷூவும் புதுசு, டிரம் ரெண்டையும் லேத்துல கடையணும், முன்னாடி டிஸ்க்க புடிக்கற வலது கேலிப்பர் இறுக்கமா இருக்கு அதுவும் மாத்தணும், ரப்பர் ஓஸ் எல்லாம் வெடிச்சிருக்கு, பெடல மிதிச்சா ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டரும் பழசாச்சு அதையும் சேர்த்து போட்டுடலாம்னு, மொத்தம் 26 ஆயிரம். நான் இந்த வருசம் டயருக்குத்தான் காசு ஒதுக்கி வெச்சிருந்தேன், இது நெனச்சே பாக்காத செலவு. வித்துடுன்னு வீட்டுல சொல்றாங்க, ஆனா 2023ல 5000 கட்டி ஆர்சி புதுப்பிச்சு 2028 வரைக்கும் இருக்குது, இன்ஜினும் பாடியும் நல்லா இருக்குது, எஸ்டேட் ரோட்டுல மழைக்காலத்துல வேற எந்த வண்டியும் இப்படி போகாதுங்க. ஜூன் மழை புடிக்கறதுக்குள்ள ரெடி பண்ணியாகணும். இதுல எத கண்டிப்பா இப்பவே பண்ணணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோத்தகிரி_பட்டறை:
தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல மலை வண்டிங்களதான் பார்த்துட்டு இருக்கேன். மொதல்ல அந்த ஈரம் என்ன ஆயில்னு பாரு, ஏன்னா பின்னாடி வீல் உள்ள நனைஞ்சா அது பிரேக் ஆயிலா மட்டும் இருக்கணும்னு இல்ல. ஆக்சில் ஆயில் சீல் போனாலும் ஹவுசிங்ல, அதாவது ஆக்சில் கூட்டுக்குள்ள, இருக்கற கியர் ஆயில் அப்படியே டிரம்முக்குள்ள வரும். கியர் ஆயில் கெட்டியா கருப்பா இருக்கும், மோந்து பார்த்தா கந்தக வாடை அடிக்கும். பிரேக் ஆயில் தண்ணி மாதிரி, பட்ட எடத்துல பெயிண்ட்ட உரிச்சுடும். உனக்கு ரிசர்வாயர் எறங்கிருக்கு, அதனால வீல் சிலிண்டர் போயிருக்கறது நெசம்தான், ஆனா ரெண்டும் சேர்ந்து ஒழுகற வண்டியும் நெறைய பார்த்திருக்கேன், சீல பாக்காம புது ஷூ மட்டும் போட்டா ஒரு மாசத்துல அதுவும் ஆயில்ல ஊறிடும்.

அப்படியே ஆக்சில் மேல பிரீதர்னு காத்து போக ஒரு சின்ன வழி இருக்கும், அத கழட்டி ஊதி பார்க்கச் சொல்லு. ஓடையிலயும் சேத்துலயும் ஓட்டற ஃபோர் வீல் டிரைவ்ல மண்ணு போயி அடைச்சுக்கும், ஹவுசிங் சூடாகறப்ப உள்ள பிரஷர் வெளிய போக வழியில்லாம சீல் வழியா ஆயில தள்ளும். சீல மட்டும் மாத்தி பிரீதர விட்டா திரும்பவும் அதே வேலைதான்.

மாஸ்டர் சிலிண்டர இப்ப பணம் குடுத்து மாத்தாத. வீல் சிலிண்டர் ஒழுகறப்ப பெடல் எப்படியும் கீழதான் போகும், அத வெச்சு மாஸ்டர் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வீல் சிலிண்டர் போட்டு, லைன்ல மாட்டுன காத்த வெளிய விட்டு ஏர் எடுத்து முடிச்சப்பறம் இன்ஜின் ஓடறப்ப பெடல ஒரே அழுத்தத்துல அரை நிமிஷம் புடிச்சு பாரு, வெளிய எங்கயும் ஒழுகாம பெடல் மட்டும் மெதுவா எறங்கிட்டே போனா உள்ள ரப்பர் தேஞ்சிருக்கு, அப்ப மாத்து. மாஸ்டர், பெடலுக்கு பலம் குடுக்கற பூஸ்டரோட சேர்ற எடத்துல ஈரம் கசிஞ்சிருந்தா டெஸ்டே வேணாம், மாத்திடு.

புதுப்பேட்டை_பாய்:
ப்ரோ காசு விஷயம் நான் சொல்றேன். ஷூவும் டிஸ்க் பேடும் ரெண்டு பக்கமும் சேர்த்துதான் போடணும், ஒரு பக்கம் மட்டும் போட்டா பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு சைடா இழுக்கும், அங்க பேரம் பேசாதீங்க. பிரேக் ஆயில்ல ஊறுன ஷூவ பெட்ரோல்ல கழுவி உப்புத்தாள் போட்டு தேச்சு மாட்டித் தரேன்னு சில பேர் சொல்லுவாங்க, ஷூ மேல இருக்கற லைனிங் உள்ள இழுத்த ஆயில் சூடானா திரும்ப வெளிய வரும், ஒத்துக்காதீங்க. டிரம் கடையறது தேவையான்னு அளந்து பார்த்துட்டு சொல்லட்டும், எவ்வளவு வரைக்கும் கடையலாம்னு மேக்ஸிமம் அளவு பெரும்பாலும் டிரம்லயே அச்சடிச்சிருக்கும், அத தாண்டிட்டா கடையக்கூடாது, புதுசுதான். ஜிப்ஸிய 2019ஓட நிறுத்திட்டாங்க, இருந்தாலும் பிரேக் சாமான் தட்டுப்பாடு இல்ல, நான் சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள்லயே பாதி வாழ்க்கைய ஓட்டுனவன், பாடி பார்ட், கியர்பாக்ஸ் சாமான் எல்லாம் பழசு வாங்கலாம், ஆனா பிரேக்குல ரப்பர் இருக்கற எதையும் பழசு வாங்காதீங்க. பில்லோட புதுசு.

வால்பாறை_ஜிப்ஸி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். மெக்கானிக்குட்ட ஃபோன்ல பேசுனேன், பிரேக் ஆயிலேதான், ஆக்சில் சீல் பக்கம் காஞ்சு இருக்குது, ஆனா நீங்க சொன்ன மாதிரியே பிரீதர் மண்ணுல அடைச்சிருந்துதாம், எடுத்து சுத்தம் பண்ணிட்டாருங்க. இன்னொரு கேள்வி. சாமான் கோயமுத்தூர்ல இருந்து வர லேட்டாகும், அதுவரைக்கும் அந்த ஒரு வீலுக்கு போற பைப்ப மட்டும் மடிச்சு அடைச்சுட்டு மூணு வீல் பிரேக்குல மேல கொண்டு போயிடலாம்னு பக்கத்து பட்டறைல ஒருத்தர் சொல்றாரு. செய்யலாமா?

போடி_மெட்டு:
தயவுசெஞ்சு வேணாம் சார். சமவெளில கேரேஜ் வரைக்கும் உருட்ட அப்படி செய்யறது உண்டு, நாப்பது கொண்டை ஊசி இருக்கற ரோட்டுக்கு அது ஆகாது. ஏறறது ஒண்ணுமில்ல, ஆனா வால்பாறைல இருந்து எங்க போகணும்னாலும் எறங்கித்தானே ஆகணும். பின்னாடி ஒரு பக்கம் மட்டும் புடிச்சா ஈர ரோட்டுல வால் சுத்தும், மிச்ச வேலை எல்லாம் முன் டிஸ்க் தலைல விழும், ஏற்கனவே உங்க வலது கேலிப்பர் இறுக்கம்னு வேற சொல்றாங்க.

பழைய பிரேக் ஆயில் விஷயமும் இருக்கு. அது காத்துல இருந்து ஈரத்த இழுத்துகிட்டே இருக்கும். டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தரம், டாட் 3 புதுசா இருக்கறப்ப 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 140லயே கொதிக்கலாம். டாட் 4ன்னா 230, ஈரம் சேர்ந்தா 155. நீளமா எறக்கத்துல பிரேக்குலயே கால் வெச்சு வந்தா உள்ள ஆயில் கொதிச்சு ஆவியாகி பெடல் வெறும் பஞ்சா போயிடும், நின்னு ஆறுனா திரும்ப வந்துடும், அதனால நெறைய பேர் அத கண்டுக்காம விட்டுடறாங்க. எப்படியும் இப்ப லைன் திறக்கறாங்க, பழைய ஆயில் முழுக்க வெளிய போற வரைக்கும் புது டாட் 4 ஊத்தி எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க. டாட் 5ன்னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான், இதோட கலக்கக்கூடாது, டப்பாவ பார்த்து வாங்குங்க.

கோத்தகிரி_பட்டறை:
போடி தம்பி சொன்னதுதான் சரி, வண்டி அங்கயே நிக்கட்டும். நான் கேலிப்பர பத்தி சொல்லணும்னு இருந்தேன். முன் வீல ஜாக்கில தூக்கி பிரேக்க மிதிச்சு விட்டுட்டு கையால சுத்தச் சொல்லு. வீல் இறுகி நின்னா ஏர் எடுக்கற பிளீடர் நட்ட கொஞ்சம் லூஸ் பண்ணி பாக்கணும். லூஸ் பண்ணதும் வீல் ஃப்ரீ ஆச்சுன்னா கேலிப்பர்ல குத்தம் இல்ல, ரப்பர் ஓஸ் உள்ளுக்குள்ள வீங்கி ஆயில திரும்பி வர விடாம புடிச்சு வெச்சிருக்கு. லூஸ் பண்ணியும் இறுக்கமாவே இருந்தாத்தான் கேலிப்பர், அதுலயும் சிலைடு பின் துருப்புடிச்சிருந்தா கழட்டி சுத்தம் பண்ணி அதுக்குன்னு இருக்கற கிரீஸ் போட்டா போதும், பிஸ்டன்ல துரு குழி விழுந்திருந்தாத்தான் புதுசு. இதப் பாக்காம கேலிப்பர் விலைய எஸ்டிமேட்ல எழுதக்கூடாது. ஓஸ் வெளியவே வெடிச்சிருக்குன்னா அத எப்படியும் மாத்து, அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில், இது எதுவும் சிலிண்டர் உள்ள இருக்கற ரப்பர்ல படக்கூடாது, பட்டா வாஷர் உப்பிடும். பிரேக் ஆயில்லயே கழுவி மாட்டணும். ஏர் எடுக்கறப்ப தூரத்து வீல்ல ஆரம்பிக்கணும், பின் எடது, பின் வலது, முன் எடது, கடைசியா முன் வலது. பெடல ஒரேயடியா தரை வரைக்கும் மிதிக்க விடாத, பழைய மாஸ்டர்ல பிஸ்டன் இத்தன வருஷம் போகாத எடத்துல துரு இருக்கும், அங்க போயி உரசி நல்ல ரப்பரும் கிழிஞ்சுடும். பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டைய வெச்சுட்டு மிதிக்கச் சொல்லு.

வால்பாறை_ஜிப்ஸி:
வண்டி வந்துடுச்சுங்க. கேலிப்பர் மாத்தவே இல்ல, பிளீடர லூஸ் பண்ணதும் வீல் ஃப்ரீயா சுத்துச்சு, ஓஸ்தான் குத்தம், எல்லா ஓஸும் புதுசு போட்டாச்சு. வீல் சிலிண்டர் ரெண்டு, ஷூ செட்டு, ஆயில் முழுசா டாட் 4. டிரம் அளந்து பார்த்து லேசா ஒரு கடைசல் மட்டும். மாஸ்டர் டெஸ்ட்ல பெடல் அசையாம நின்னுச்சு, அத அப்படியே விட்டாச்சு. 26 ஆயிரம்னு சொன்னது 11 ஆயிரத்து சொச்சத்துல முடிஞ்சுது, மெக்கானிக்கும் கோவிச்சுக்காம ஒவ்வொண்ணா கூட நின்னு காட்டுனாரு. வீட்டுலயும் விக்கற பேச்ச நிறுத்திட்டாங்க. கோத்தகிரி அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க. இப்ப பெடல் மேலேயே நிக்குது ஆனா பின் பிரேக் கொஞ்சம் வழுக்கற மாதிரி இருக்குது, புது ஷூ அப்படித்தானா?

கோத்தகிரி_பட்டறை:
சந்தோசம் தம்பி. ஆமா, ஷூ டிரம்மோட ஒட்டி தேயற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாளைக்கு நடுத்தர வேகத்துல இதமா பிரேக் போட்டு போட்டு ஓட்டு, லோடு ஏத்தாத. எறக்கத்துல செகண்ட் கியர், ரொம்ப செங்குத்தான மண் ரோடுன்னா ஃபோர் லோ (நாலு சக்கரமும் இழுக்கற மெதுவான கியர்) போட்டுக்க, இன்ஜினே நாலு சக்கரத்தையும் புடிக்கும், தார் ரோட்டுல மட்டும் ஃபோர் வீல் போட்டு ஓட்டாத, முன் பின் சக்கரத்துக்கு பவர பிரிக்கற டிரான்ஸ்பர் கேஸ் இறுகிக்கும். ஷூ படிஞ்சப்பறம் வண்டிய ஒரு தடவ பட்டறைக்கு கொண்டு போயி பின் பிரேக் அட்ஜஸ்ட்மென்டும் ஹேண்ட் பிரேக்கும் பார்த்துக்க, அன்னிக்கே புது நட்டு, ஓஸ் ஜாயின்ட் எல்லாம் கையால தடவி ஈரம் இருக்கான்னு பாரு.